சத்தம் வரல மாமா

மருந்துக்கடைக்காரர் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "சார், நீங்கதானே அந்த மாமா?" என்றார்.

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது. இல்லை என்றால் விடமாட்டார். ஆமாம் என்றால் கத்துவார். நான் மாத்திரைக்குக் கையை நீட்டினேன். அவராகவே கத்தினார். "சத்தம் வரல மாமா!" எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்தவர்.

இருபத்திரண்டு வருடமாக நான் மைக்செட் போடுகிறவன். பொதுக்கூட்டம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, கச்சேரி என்று எதுவானாலும் சரி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் காது மந்தமான ஆளுக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்க வேண்டும் என்று உயிரை விடுகிறவன். அப்படிப்பட்டவனை ஊர் உலகம் எதற்காகத் தெரிந்துவைத்திருக்கிறது? சத்தம் வராததற்காக. இதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

எல்லாம் என் மனைவியின் தங்கையால் வந்தது. வீட்டில் அவளுக்குப் பெயர் சங்கு. பிறந்த அன்று அவள் அழுத அழுகையில், ஆலைச் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாராம். இது என் மனைவி சொல்வது. அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். ஆனால் சங்கு பாடிக் கேட்டவர்கள் முழுவதையும் நம்பிவிடுவார்கள்.

சங்கு ராக் பாடகி. அவளும், இடி என்று நாங்கள் கூப்பிடும் டிரம்ஸ்காரனும், கிடார் வாசிக்கும் இரண்டு பேருமாக ஐந்து வருடம் என் கிடங்கில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் பயிற்சி செய்தார்கள். பதினோரு பாட்டு அவளே எழுதி, தன் கிடாரில் மெட்டமைத்தாள். பத்துப் பாட்டில் கூரை பறக்கும். பதினோராவது மட்டும் வேறு மாதிரி. வேலை முடிந்து, காலி பஸ்ஸில், தன் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் சும்மா போகிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு. அதில் சங்கு கத்தவே மாட்டாள். பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுகிற மாதிரி பாடுவாள். நான் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்ட ஒரே பாட்டு அதுதான். அதை ஜனங்கள் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பாள். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அவளுடைய முதல் பெரிய மேடை, கார் விற்பனைக்கடை ஒன்றின் திறப்பு விழா. மதியம் மூன்று மணி. பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபது பேர். அதில் பாதிப் பேர் இலவசத் தொப்பிக்காகக் காத்திருந்தவர்கள்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் பாடுகிறவர் காலடியில் அவரைப் பார்த்தபடி ஒரு பெட்டி இருக்கும். மானிட்டர் என்போம். தன் குரல் தனக்குக் கேட்பது அதில்தான். அது ஊமையானால், கூட்டத்துக்கு எல்லாம் கேட்கும், பாடுகிறவருக்கு மட்டும் எதுவும் கேட்காது. அந்தப் பெட்டியை ஊமையாக்க என் மேசையில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும்.

கடை முதலாளி பேசும்போது அந்தப் பெட்டி ஊளையிட்டது. பட்டனை அழுத்தினேன். ஊளை நின்றது. முதலாளி பேசிக்கொண்டே போனார். யாரோ டீ கொண்டுவந்தார்கள். பட்டனை மறந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. இதை இத்தனை நாளாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

சங்கு பாட ஆரம்பித்தாள். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள், கண்ணை உருட்டினாள். நான் அந்த நேரம் பார்த்து, அலறிக்கொண்டிருந்த ஒரு காரை அணைக்கச் சொல்லிக் கடை ஊழியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில், எழுதி வைத்த வரியை விட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து ஒரு கத்துக் கத்தினாள். "சத்தம் வரல மாமா!"

வெறுமனே கத்தியிருந்தால் தப்பித்திருப்போம். சுருதி பிசகாமல் கத்தித் தொலைத்தாள். இடி அதைப் புது வரி என்று நினைத்து, அதற்குத் தோதாக இரண்டு அடி அடித்தான். தொப்பிக்கு வந்தவர்கள் எழுந்து நின்று திருப்பிக் கத்தினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து உலகத்துக்குப் போட்டுவிட்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம்தான் வந்தாள். "என்ன மாமா ஆச்சு?"

அதற்குள் சிவப்பு விளக்கைப் பார்த்து அணைத்துவிட்டிருந்தேன். "கேபிள்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? நன்றாக இருந்த ஒரு கேபிளை அவள் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பத்தே நாளில் எங்கே திரும்பினாலும் அதே கூச்சல். ஆட்டோவில், அடுக்குமாடிப் படிக்கட்டில், விளையாட்டு மைதானத்தில். பனியன் அச்சடித்து விற்றார்கள். அதில் கோட்டுச் சித்திரமாக வழுக்கைத் தலையோடு ஒரு ஆள். எனக்கு முடி இருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு பத்திரிகை அதை வாயடைக்கப்பட்டவர்களின் அலறல் என்று இரண்டு பக்கம் எழுதியது. 'மாமா' என்பது அதிகாரத்தின் குறியீடாம். பேட்டி எடுக்க வந்த அம்மாள் கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க பாட்டுல வர்ற அந்த மாமா யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"சரி, அவர் எதைக் குறிக்கிறார்?"

"எதையும் குறிக்க மாட்டார். பின்னாடி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"கேபிள் போயிடுச்சுங்க. வேற ஒண்ணும் இல்ல."

அந்த அம்மாள் சிரித்தாள். மறுநாள், 'தன் கலையைப் பற்றிப் பேச மறுக்கும் தன்னடக்கம்' என்று அச்சில் வந்தது. சங்கு பத்திரிகையைச் சுருட்டி மூலையில் வீசினாள். என் மனைவி அதை எடுத்து விரித்து, படம் இருந்த பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு மேனேஜர் வந்து சேர்ந்தார். கைக்கு ஒரு போன், பேச்சுக்குப் பேச்சு "நம்ம பிள்ளை". நம்ம பிள்ளைக்கு, இடியைத் தவிர, புதுக் குழுவினர், புது உடை, புது ஊர்கள் எல்லாம் வந்தன. பதினோரு பாட்டு மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஜனங்கள் அந்த ஒரு வரிக்குத்தான் வருகிறார்கள் என்பார். ஒரு கச்சேரிக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்தது, மூன்றாகி, ஏழில் வந்து நின்றது. பஸ் பாட்டை எடுத்தாலே முதல் வரியிலேயே கூட்டம் "மாமா! மாமா!" என்று ஆரம்பித்துவிடும். அவள் இரண்டு வரி தாக்குப்பிடிப்பாள், பிறகு விட்டுவிடுவாள்.

ஏழு தடவையும் அன்றைக்குக் கத்திய அதே கத்து வேண்டும். அது கோபத்தில் வந்த கத்து. தினம் தினம் அதே கோபத்துக்கு எங்கே போவாள்? தொண்டையைக் கிழித்துத்தான் கொண்டுவந்தாள். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் என் விரல் தானாகப் போய் அந்தப் பட்டனைத் தடவிப் பார்க்கும், விளக்கு எரிகிறதா என்று. வயிற்றெரிச்சல் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டால் தேதியோடு சொல்வேன்.

எட்டு மாதத்தில் அவள் குரல் காலையில் எழுந்ததும் மர நாற்காலியை இழுத்த மாதிரி ஆகிவிட்டது. என் மனைவிதான் அவளை இழுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, திரையில் எங்களுக்கும் காட்டினார். குரல்நாண் இரண்டிலும் கடுகளவு காய்ப்பு.

"ஆறு வாரம் பேச்சே கூடாது. முணுமுணுக்கவும் கூடாது" என்றார் டாக்டர். "இப்ப விட்டீங்கன்னா சரியாயிடும். இன்னும் கத்தினீங்கன்னா நான் பொறுப்பில்ல."

"அடுத்த வாரம் ஸ்டேடியம் இருக்கு டாக்டர்" என்றாள் சங்கு.

"உங்களுக்குத் தொண்டை ஒண்ணுதானே இருக்கு?" என்றார் அவர். அதற்கு மேல் அவர் என்னதான் சொல்வார்?

மேனேஜர் அதைக் கேட்டு ஒரு நிமிடம் யோசித்தார். ஒரே நிமிடம்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய கச்சேரிகளில் பதிவான அவள் குரலை எடுத்துக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டு வைக்கச் சொன்னார். குரல் போனால் அதை ஓட்டிவிடலாம், அவள் வாயசைத்தால் போதும். "யாருக்கு சார் தெரியப்போகுது?"

தனியாகச் சொன்னது சங்கின் காதுக்கு எப்படிப் போனதோ, அன்று சமையலறையில் வந்து என் முன்னால் நின்றாள். அவள் அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமா, டிராக் போட்டு வச்சிருக்கீங்களா?"

"போட்டு வைக்கச் சொன்னாங்க. வச்சிருக்கேன்."

"அத ஓட்டினீங்க, அப்புறம் நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்."

"நீ ஸ்டேடியத்துக்கே போக வேணாம்டி" என்றாள் என் மனைவி.

"இந்தத் தடவ பஸ் பாட்டு முழுசா பாடலாம்னு ஒத்துக்கிட்டாங்கக்கா. மூணாவது பாட்டு. நாப்பதாயிரம் பேரு."

"அந்த நாப்பதாயிரம் பேரா நாளைக்கு உனக்குக் கஷாயம் வச்சுத் தரப் போறாங்க?"

அக்காவும் தங்கையும் கத்திக்கொண்டார்கள். கத்தாதே, கத்தாதே என்று நடுவில் நான் கத்தினேன். எங்கள் வீட்டு லட்சணம் அது.

ஸ்டேடியத்தில் என் மேசை கூட்டத்துக்கு நடுவில், மேடையிலிருந்து எண்பது அடி தள்ளி இருந்தது. வெளிச்சம் இன்னும் போகாத சாயங்காலம். நாலாபுறமும் வழுக்கைத்தலை பனியன்கள். என் கூரையில்லாத கூண்டைச் சுற்றி நின்றவர்கள் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டில் மூன்று தடவை கத்தினாள். இரண்டாவதில் நாலு. ஏழாவது கத்தில் என் காதுக்கு மட்டும் ஒன்று கேட்டது. துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு மூன்றாவது பாட்டு. இடி குச்சிகளைக் கீழே வைத்தான். ஒற்றைக் கிடார் தொடங்கியது. முதல் வரியைப் பாடினாள். பஸ் கிளம்பியது. இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை முயன்றாள். என் மேசையில் அவள் மைக்குக்கான பச்சை விளக்கு, குரல் வந்தால் துள்ளுகிற விளக்கு, அசையாமல் கிடந்தது. அவள் தலையை நிமிர்த்தி, அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். பெரிய திரையில் அவள் முகம் இரண்டு மாடி உயரத்துக்குத் தெரிந்தது. உதடு மெல்ல அசைந்தது. எனக்குத் தெரியாத வார்த்தைகளா அவை?

சத்தம் வரல மாமா.

நாற்பதாயிரம் பேரும் திரையில் அந்த உதட்டசைவைப் படித்துவிட்டார்கள். குதித்தார்கள். "சத்தம் வரல மாமா!" என்று பூமி அதிரத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அதையும் ஆட்டம் என்று நினைத்து அவர்களும் தலையை ஆட்டினார்கள். வாழ்க்கையில் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. அடப்பாவிகளா, அந்தப் பெண் நிஜத்தைச் சொல்கிறாள்! கேட்கத்தானே வந்தீர்கள், கேளுங்களேன்!

காதில் மாட்டியிருந்த கருவியில் மேனேஜர் அலறினார். "டிராக்! டிராக்கப் போடுங்க! என்ன வேடிக்கை பார்க்கறீங்க?"

விரல் கம்ப்யூட்டரில் டிராக்கை ஓட்டும் பட்டனின் மேல்தான் இருந்தது. அழுத்தினால் கச்சேரி பிழைத்துவிடும். அழுத்தினால் நாளைக்கும் அழுத்தச் சொல்வார்கள். அவளுக்கு ஆறு வாரமும் கிடையாது, ஒரு நாளும் கிடையாது. அழுத்தாமல் விட்டால், குரல் போன பாடகி என்று விடிவதற்குள் ஊரே பேசும். அந்தப் பேர் ஒட்டினால் பிறகு எந்த மருந்துக்கும் போகாது. சத்தம் வராத மாமா என்ற பேர் ஏற்கெனவே ஒருவனுக்கு இருக்கிறது. அதற்கு மேல் கெட அதில் என்ன இருக்கிறது?

மேசையின் மொத்த ஒலியையும் ஊமையாக்கும் பெரிய சிவப்புப் பட்டனை அழுத்தினேன். போதாது என்று மேசைக்கு அடியில் குனிந்து மின்சார ஒயரையும் பிடுங்கினேன்.

கிடார் பாதியில் செத்தது. ஸ்டேடியம் முழுக்க இருந்த பெட்டிகள் எல்லாம் அடங்கின. நான் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, என் சொந்தத் தொண்டையில் கத்தினேன். "சத்தம் வரல!"

முதலில் சிரித்தார்கள். கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் ஆன பிறகு தண்ணீர் பாட்டில்கள் வந்தன. ஒன்று என் நெற்றியில் பட்டது. இருபத்திரண்டு வருட மானம் அங்கே பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு நடுவில் கிடந்தது.

'ஒலியமைப்பில் கோளாறு, கச்சேரி ரத்து' என்று அறிவித்தார்கள். மேனேஜருக்கு விஷயம் புரியாமல் இல்லை. ஆனால் பாடகியின் குரல் போய்விட்டது என்று சொல்வதை விட, மாமா ஒரு தண்டம் என்று சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது. என்னை வேலையை விட்டுத் தூக்கி, புதிய ஒலியமைப்பு வரும் வரை எல்லாக் கச்சேரிகளும் தள்ளிவைப்பு என்று செய்தி கொடுத்தார். அதை என் மனைவி படித்துவிட்டு, "பொறுமையா வரட்டும்" என்றாள்.

ஆறு வாரம் சங்கு எங்கள் வீட்டில் இருந்தாள். பேச முடியாத சங்கு பேசுகிற சங்கை விடக் கஷ்டம். கதவைச் சாத்துவதில், தட்டை வைப்பதில், செருப்பை உதறுவதில் எல்லாம் ஒரு வசனம் இருக்கும். கழுத்தில் ஒரு சின்ன நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முதல் நாளே அதில் எழுதி என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்: 'ஏன் டிராக் போடல?'

"போட்டா பேச மாட்டேன்னு சொன்னியே."

எழுதினாள்: 'இப்ப மட்டும் என்ன பேசறேனா?'

அதற்குப் பிறகு அவள் என்னிடம் நோட்டையே நீட்டவில்லை. அக்காவிடம் நீட்டினாள், பால்காரரிடம் நீட்டினாள், தவறான எண்ணுக்குக் கூப்பிட்டவருக்குக் கூட ஏதோ எழுதினாள். எனக்கு மட்டும் ஒரு எழுத்தும் இல்லை. நாற்பதாயிரம் பேர் முன்னால் அவளுடைய பஸ் பாட்டை நான் பாதியில் நிறுத்தியவன். கோபப்படட்டும். கார்க்கடையில் ஒரு பட்டனை மறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்தத் தொண்டையே புண்ணாகியிருக்காது. அது தெரியாமலேயே இவ்வளவு கோபம். தெரிந்தால்?

நாற்பத்து மூன்றாம் நாள் டாக்டர் திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தார். காய்ப்பு கரைந்திருந்தது. ஆனால் குரல் எப்படி வரும் என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். முதல் பேச்சு தாழ்ந்த குரலில் இருக்கட்டும், சிரமப்படாமல் மைக் வைத்துப் பேசச் சொன்னார்.

கிடங்கின் ஓரத்தில் எனக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு, பதிவு செய்வதற்கு. உள்ளே பேசினால் வெளியில் துளியும் கேட்காது. சங்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி எனக்குப் பின்னால், நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள். நான் மேசையில் எல்லாவற்றையும் சரி செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆரம்பி என்று கை காட்டினேன்.

அவள் மைக்குக்கு முகத்தைக் கொடுத்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நன்றாகவே அசைந்தது. கழுத்து நரம்பு கூடத் தெரிந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் விடாமல் பேசினாள். புருவத்தைத் தூக்கி, கையை ஆட்டி, நிறுத்தாமல். ஹெட்போனில் பொட்டுச் சத்தம் இல்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். போய்விட்டது. கரைந்தது காய்ப்பு இல்லை, குரல்தான். "என்னங்க? எப்படி இருக்கு?" என்று என் மனைவி தோளை உலுக்கினாள். எனக்கு அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளையும் பார்க்க முடியவில்லை, கண் மறைத்தது.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. சங்கு வெளியே வந்தாள். மேசைக்கு மேலே குனிந்து, என் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"மாமா. செவப்பு பட்டன்."

கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் தாழ்வு. ஆனால் முழுசான குரல்.

குனிந்து பார்த்தேன். அவள் மைக்கின் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கார்க்கடையிலயும் இதேதானே?" என்றாள்.

"அது... அன்னிக்கு கேபிள்..."

"கேபிளாம்! நீங்க குப்பையில போட்ட கேபிள எடுத்து அன்னிக்கே நான் மாட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிவரைக்கும் என் கிடாருக்கு அதுதான் ஓடுது."

அப்படியானால் அந்தப் பேட்டியில், அதற்குப் பிறகு நூறு பேட்டியில், 'கேபிள் போயிடுச்சுங்க' என்று அவள் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். "உள்ள அவ்வளவு நேரம் என்ன பேசின?" என்று கேட்டேன்.

"உங்களத் திட்டினேன். நாப்பது நாள் திட்டு."

"அவ திட்டினதையும் கேட்காம விட்டுட்டீங்களா?" என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சங்கு மறுபடி உள்ளே போனாள். நான் பட்டனை அணைத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். அவள் கத்தவில்லை. பஸ் பாட்டில் பாடுகிற மாதிரி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற மாதிரி, மைக்கில் மெல்லக் கேட்டாள்.

"சத்தம் வருதா மாமா?"

வருது என்று சொல்லப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.